பேத்தியின் படிவத்தில் இல்லாத தாத்தா

அன்புள்ள மகளுக்கு,

பேத்தியின் பள்ளிப் படிவத்தில் இனம் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் இனத்தை மட்டும் எழுதி, நம்முடையதை விட்டுவிட்டாய். இது பெரிய தப்பு.

நேற்று அவளை அழைத்து வரப் போனேன். பள்ளி வாசலில் காவலாளி அந்தப் படிவத்தின் நகலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, பிள்ளைக்கு நீங்க யாரு, டிரைவரா?"

"தாத்தாப்பா."

"பார்த்தா அப்படித் தெரியலையே!"

மாப்பிள்ளை போனில் சொல்லும்வரை அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். திரும்பும் வழியில் அவள், "தாத்தா, நீங்க எங்க ஆளு இல்லையா?" என்றாள்.

நான் எட்டாவது தாண்டாதவன். ஆனாலும் நீ எழுதிய புத்தகத்தை அகராதியோடு இரண்டு தடவை படித்தேன். இனம் ரத்தத்தில் இல்லை, யார் எங்கே நிற்கலாம் என்று சமூகம் போடும் கோடு என்கிறாய். அதை நான் வேலை பார்த்த ஆலையிலேயே கற்றுக்கொண்டேன். ஒரு சூப்பர்வைசர் என்னை ஓர் இனமாக எழுதிக் கொதிகலன் அறைக்கு அனுப்பினார். அவருக்கு அடுத்து வந்த சூப்பர்வைசர் வேறொன்றாக எழுதிக் கிடங்குச் சாவியைக் கொடுத்தார். எனக்கு இருந்தது இதே முகம்தான்.

ஏன் விட்டாய் என்று கேட்டால், "அவ நல்லா இருக்கணும்னுதாம்ப்பா" என்கிறாய். அவள் நன்றாக இருக்க நான் எதற்கு மறைய வேண்டும்?

திங்கட்கிழமை நீ பள்ளிக்குப் போய் இரண்டு இனத்தையும் எழுத வேண்டும். ஒன்றுதான் எழுதலாம் என்று எழுத்தர் சொன்னால், உன் புத்தகத்தை அவர் மேசையில் வைக்க வேண்டும். மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். காவலாளி எதுவும் செய்ய வேண்டாம், நீ எழுதியதைத்தான் அவர் படித்தார். பேத்தி கேட்டதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

உன் அப்பா