ஹிராபாய் போட்டில் நாலு ஸ்க்ரூ

சீத்தா கேம்ப், டிராம்பே,
மும்பை.

அன்பு மகன் ரஹ்மத்துல்லாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. மழை விட்டால் அதுவும் அடங்கிவிடும். மஸ்கட்டில் உன் புது ரூமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அப்துல் வாஹித் லீவு முடிந்து அங்கே வருகிறான். அவன் கையில் இதையும் கொஞ்சம் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துக்கொள்.

ஹரேஷ்வர் கோலியின் போட் நாரளி பூர்ணிமா பண்டிகைக்குக் கடலில் இறங்கிவிட்டது. உன் மகள் சஃப்ரீன் இறக்கிவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

மழைக்காலத்துக்குக் கரையேற்றும்போதே போட் ஏன் இப்படிக் கனக்கிறது என்று அவர் நம் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளை சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் டக் டக், முன்பக்கம் மட்டும் பொத் பொத். ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவில் இருக்கிற ஃபோமில் தண்ணீர் ஏறிவிட்டது, வெட்டித் திறக்காமல் முடியாது என்றாள். நீ போனில் என்ன சொன்னாய்? மேலே ஒரு கோட் பூசி அனுப்பு, வெட்டிக் கிழிக்கிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு, பூர்ணிமா முடிந்ததும் ஷெட் சாவியை மச்சான் இஜாஸிடம் கொடுத்துவிடு என்றாய். ஹரேஷ்வரும் அவளிடம் அப்படியே, உன் வாப்பா இருந்தால் ஒரே நாளில் பூசித் தந்திருப்பார் மகளே என்றார். பூசிவிட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் அங்கிள் என்று இவள் கேட்டாள். மனுஷன் போட்டை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

உள்பக்கத் தகட்டை வெட்டி எடுத்ததும் நானே பார்த்தேன். சாயாவில் முக்கின பாவ் ரொட்டி மாதிரி ஃபோம் கையோடு வந்தது. படகுத் துறையில் நின்றவர்கள், இனி இது போட் இல்லை, குளிக்கிற தொட்டி என்று சிரித்தார்கள். தொட்டி என்றால் முதலில் இறங்கிக் குளிக்க வேண்டியது நீங்கள்தான் என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த வாய் அப்படியே உன் வாய்.

தார்பாலின் கட்டி, பெரிய பல்பு போட்டு, என் டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு போய்க் காய வைத்தாள். சாயங்காலம் பிளாஸ்டிக் தாளை ஓரம் சுற்றி டேப் போட்டு ஒட்டுவாள். காலையில் தாளுக்கு அடியில் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை. இந்த மழையில் எத்தனை காலை வேர்த்தது தெரியுமா? ஹரேஷ்வர் வந்து வந்து பார்த்துவிட்டு, வேறு கடைக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்று மிரட்டினார். தாள் வேர்க்கிறவரை புது ஃபோம் வைக்க மாட்டேன் என்று நின்றாள். வைக்கவும் இல்லை.

எழுதவேண்டாம் என்று அவள் சொன்னதை இப்போது எழுதுகிறேன். தண்ணீர் எங்கே நுழைந்தது என்று ஈரத்தைத் தொட்டுக்கொண்டே போனாள். ஹரேஷ்வருடைய அம்மா பெயரை, ஹிராபாய் என்று, பித்தளைப் பலகையில் வெட்டி, மஸ்கட் போகிற வாரம் நீ ஆசையாகப் பொருத்திக் கொடுத்தாயே, அந்த நாலு ஸ்க்ரூவில் போய் நின்றது. ஓட்டையை அடைக்க ஒரு சொட்டு ரெசின் பசை இல்லை. பிளேன் ஏறுகிற அவசரம், விட்டுப்போயிருக்கும்.

ஹரேஷ்வர் மிரட்டிய அன்றைக்கு அவரைக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினாள். வாப்பா செய்தது என்று சொல்லவில்லை. ஹமாரா காம் ஹை, எங்கள் ஷெட் வேலை, நாங்களே சரிசெய்து தருவோம் என்றாள். அதற்குப்பிறகு அவர் வேறு கடை என்கிற பேச்சே எடுக்கவில்லை.

பலகையையும் அவள் கழற்றிப் போடவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, ரெசின் நிரப்பி, அது கல்லான பிறகு அதற்குள்ளேயே ஸ்க்ரூ இறக்கினாள். நீ வைத்த அதே இடம். பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் விட்ட கையோடு ஹரேஷ்வர், இது ரஹ்மத் பாய் ஷெட் வேலை என்று துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சிரித்தவர்களில் ஒருவர் தன் போட்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். எனக்கு முழங்கால் வலியே மறந்துபோச்சு.

சாவியைக் கொடுத்தாச்சா என்று போன வெள்ளிக்கிழமை கேட்டாய். இன்னும் இல்லை. அவள் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை மகனே. தினம் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து, வாப்பா கேட்ட சாவி என்று என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். காலையில், எடுத்துக்கவா வாப்பும்மா என்று கேட்டுத்தான் எடுக்கிறாள். அந்தக் கேள்விக்கு நான் தினம் தலையாட்டுகிறேன். தலையாட்ட வேண்டியது நான் இல்லை.

ஸ்க்ரூ விஷயம் உனக்குத் தெரிந்ததாகவே அவளிடம் காட்டிக்கொள்ளாதே. போன் பண்ணி, சாவி உன்னிடமே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல். அது போதும்.

உன் கைக்கும் அவள் கைக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும் உம்மா,
சைனப் பீவி