மல்லிகா தொட்ட கம்பி

14.12.2004, செவ்வாய். வில்பட்டி.

காலையில் மனைவி மல்லிகாவைத் திட்டியிருக்கக் கூடாது. நான் வீட்டில் செய்யும் ரேடியோவுக்கு ஏரியலாகக் கட்டிய கம்பியில் ஈரச் சேலையைக் காயப்போட்டுவிட்டாள். மூன்று நாளாக மூட்டம். பாவம், வேறு எங்கே போடுவாள்? அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை.

சாயங்காலம் கம்பிச் சுருளான காயிலை ரேடியோவில் பொருத்தி இயர்போனைக் காதில் வைத்தேன். இரைச்சல்கூட இல்லை. மேசையைத் துடைக்க வந்த மல்லிகாவின் கை, ரேடியோவிலிருந்து தொங்கிக் கிடந்த இன்னொரு கம்பியில் பட்டது. பாட்டு கேட்டது.

"கைய எடுக்காத," என்றேன்.

"எனக்குச் சோலி கெடக்கு."

இயர்போனை அவள் காதில் வைத்தேன். கம்பியைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது; அப்போதும் எழுந்திருக்கவில்லை.

அது எர்த் கம்பி; ஈரமண்ணில் புதைத்தாலே பாட்டு வரும். அதை அவளிடம் சொல்லவில்லை.