ஒகேனக்கல் குரங்கும் என் அண்ணன்மாரும்

3-2-86, திங்கள்

மூன்றாம் வகுப்பில் இன்று, போன வருஷ ஒகேனக்கல் சுற்றுலாவைப் பற்றிப் பேசச் சொன்னேன். முனியம்மாள் எழுந்து, பரிசல் ஆடியது, சாரலில் பாவாடை நனைந்தது என்று கையை வீசி வீசிச் சொன்னாள். அவள் வரவே இல்லை! பொன்னுக்கு வீங்கி வந்து வீட்டில் கிடந்தாள். "இல்லீங்க டீச்சர், எம்பக்கத்துலதான் குந்தியிருந்தா" என்று இரண்டு பிள்ளைகள் சத்தியம் வேறு. பொய் இல்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் நடந்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகு ஒரு யோசனை வந்தது. வரக்கூடாத யோசனை.

5-2-86

அண்ணன் மகள் குல்ஷன் வந்து அழுதாள். "சித்தப்பா இல்லாம எனக்கு நிக்காஹ் வேணாம் அத்தை."

அவள் அத்தா என் பெரியண்ணன் மஸ்தான், பாலக்கோட்டில் தக்காளி மண்டி. சித்தப்பா என் சின்னண்ணன் ரஷீத், கடத்தூரில் தையல்காரர். பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. தான் தைத்த பெருநாள் சட்டையை அண்ணன் எல்லார் முன்னாலும் சாக்குப் பை என்றார் என்பது சின்னவர் கட்சி. "தொளதொளன்னு இருக்குதுன்னுதானே சொன்னேன்? அவன்தான் டேப்பை மூஞ்சில எறிஞ்சான்" என்பது பெரியவர் கட்சி. நானும் அங்கேதான் இருந்தேன். சாக்கும் கேட்கவில்லை, டேப்பும் பறக்கவில்லை.

நடக்காத கெட்டதை இவ்வளவு நன்றாக நினைப்பவர்கள், நடக்காத நல்லதை நினைக்க மாட்டார்களா?

9-2-86

கடத்தூர். சும்மா கேட்பதுபோல் கேட்டேன்: "சின்ன வயசுல ஒகேனக்கல்ல குரங்கு உங்க தொப்பியப் புடுங்கினப்ப, பெரியண்ணன் பாறை மேல ஏறி வாங்கிக் குடுத்தாராமே?"

"எந்தக் குரங்கு?"

"அம்மா சொல்லுவாங்களே."

அம்மா எங்கே சொன்னார்? பஸ்ஸில் வரும்போது நான் செய்த குரங்கு.

"அப்படியொன்னும் நடக்கல." மெஷின் திரும்ப ஓடியது. கொஞ்சம் மெதுவாக.

16-2-86

பாலக்கோடு. பெரியண்ணனிடமும் அதே குரங்கை விட்டேன். "நெனப்பில்ல புள்ள." நான் பஸ் ஏறும்போது பின்னாலேயே வந்து, "எறங்கறப்ப வழுக்கி வுழுந்திருப்பேனோ?" என்றார்.

நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை!

2-3-86

சின்னண்ணன் தானாகவே ஆரம்பித்தார். "பச்சைத் தொப்பி, ஷகிலா. அத்தா சேலத்துல வாங்கியாந்தது. அண்ணனுக்கு முட்டி பேந்து ரத்தம் ஊத்துச்சு. என்னைய ஒரு வார்த்த திட்டல." கண் கலங்கியிருந்தது.

அல்லாஹ், என்ன செய்து வைத்திருக்கிறேன்? சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர், "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

விழுங்கிவிட்டேன்.

9-3-86

அம்மாவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. முட்டிக்கு மஞ்சள் பத்துப் போட்டாராம்.

30-3-86

நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சின்னண்ணன் பெட்டியோடு பாலக்கோட்டில் வந்து இறங்கினார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மழ வந்தா இப்பவும் முட்டி வலிக்குதுடா" என்றார் பெரியவர்.

"என் தொப்பிக்காகத்தான அண்ணே."

"தொப்பியா? வறுத்த மீன் பொட்டலம்டா அது!"

"தொப்பி! பச்சைத் தொப்பி!"

சத்தம் தெருவுக்குக் கேட்டது. போச்சு, மறுபடி முதலிலிருந்தா என்று பயந்து, "தொப்பிதாண்ணே" என்று குறுக்கே விழுந்தேன்.

இருவரும் ஒன்றாக என் மேல் பாய்ந்தார்கள். "நீ சும்மா இரு புள்ள! அப்ப நீ பொறக்கவே இல்ல. உனக்கென்ன தெரியும்?"

அம்மா வேறு தலையாட்டினார்.

பெரியண்ணன் பாயில் நகர்ந்து இடம் விட்டார். சின்னவர் உட்கார்ந்தார். நான் டீ போடப் போனேன். குரங்கு எந்தப் பாறையில் ஏறியது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.