அண்ணன் வீட்டு வைஃபை

ஏனுங்க,

நீங்கள் தூங்கும்போது ஆள் வந்து புது வைஃபை மாட்டிவிட்டுப் போனார். உங்கள் போனிலும் நானே பாஸ்வேர்டு போட்டுவிட்டேன்.

அப்போது, உங்கள் போன் முன்பு சேர்ந்த வைஃபை பெயர்கள் எல்லாம் வந்தன. போத்தனூரில் என் அண்ணன் சைமன் வீட்டு வைஃபையும் அதில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பாஸ்வேர்டு கேட்டு வாங்காமல் அது வராது.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, "இனி அந்த ஊட்டு வாசப்படிய நாம மிதிக்கவே கூடாது" என்றது நீங்கள். அண்ணன் வீட்டுக்கு வைஃபை வந்ததே அதற்கப்புறம்தான், அண்ணனே போனில் சொன்னார். நான் இன்றுவரை மிதிக்கவில்லை.

இப்போது அங்கேதான் போகிறேன். மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

கரோலின்

ஒன்று விட்டுப்போச்சு: ராத்திரி என்னைக் கூட்டிப்போக வாங்க. வழி நான் சொல்ல வேண்டியதில்லை. போனும் அங்கே தானாகவே சேர்ந்துகொள்ளும்.