தங்கச்சி கார் தூங்காத வாரம்

டிசம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து சாரல். மலை மேல் கம்போங் ராஜாவில் என் பேட்டரிக் கடையைத் திறக்கும்போதே வாசலில் மூன்று காய்கறி லோரிகள். மூன்றிலும் பேட்டரி செத்துப்போய். குளிர் காலம்தான் எனக்கு அறுவடை. மதியத்துக்குள் இரண்டு கையும் கறுப்பு.

மாலை தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, வரிசை வீடுகளில் ஒன்றான அப்பா வீட்டுக்கு. தங்கை கிரேஸ் சனிக்கிழமையே ஈப்போவிலிருந்து வந்துவிட்டாளாம். எனக்கு இன்றுதான் சேதி. லயத்து வாசலில் அவள் புதுக் கார், வெள்ளை. ஹைப்ரிட். பெட்ரோலிலும் ஓடும், வீட்டுக் கரண்டைச் சொருகி ஏற்றினால் அதிலும் ஓடும். அக்கம்பக்கம் எல்லோரும் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள்.

அப்பா: "சத்தமே இல்ல லா. பாப்பா வந்து நின்னதே எனக்குத் தெரியல."

பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு. ஐந்து வயது மூத்த நான் எப்போதும் ஸ்டெல்லாதான்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், ஈப்போவில். இரண்டு வருடமாக எல்லா செக்கப்புக்கும் அழைத்துப்போனது என் வேன். இன்று சொல்கிறார்: "நீ கடையப் பாரு ஸ்டெல்லா. நான் பாப்பா காருல போறேன். உன் வேன் தூக்கித் தூக்கிப் போடுது."

சரி என்றேன். டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை. வாங்க: டிஸ்டில்ட் வாட்டர், கிளிப், அரிசி.

இன்று காலை கிரேஸ் கார் எழும்பவேயில்லையாம். தோட்டத்து லோரியை நிறுத்தி ஒயர் போட்டுக் கிளப்பியிருக்கிறார்கள். ஈப்போ சர்வீஸ் ஆளிடம் போனில் கேட்டார்களாம், மலை ஏறியதில் சார்ஜ் தீர்ந்திருக்கும், சொருகி ஏற்றுங்கள் என்றாராம். சொருகினால் லயத்து வீட்டில் மொத்தக் கரண்டும் போய்விடுகிறது.

இவ்வளவும் சாயந்திரம் கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். பதினொரு வருடமாக பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். சொந்த வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை.

டிசம்பர் 10, புதன்

கூப்பிடாமலே போனேன், கரண்ட் அளக்கும் மீட்டரோடு.

அப்பா: "விடு ஸ்டெல்லா. இது லோரி பேட்டரி இல்ல. எல்லாம் கம்ப்யூட்டரு."

கி. காரைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் போனாள். இந்தக் காரில் பேட்டரி இரண்டு. ஓட்டுவதற்குப் பெரியது. காரை எழுப்புவதற்குச் சின்னது, சாதாரண பன்னிரண்டு வோல்ட். பெரியதில் எவ்வளவு இருந்தாலும் சின்னது செத்தால் கதவுகூடத் திறக்காது. காரைப் பூட்டி, அதன் ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் எல்லாம் அணைந்து கார் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், முன் கண்ணாடியில் ஒட்டிய கேமரா. நிறுத்தி வைத்த பிறகும் படம் பிடிக்கிற மாதிரி நேராக இணைத்திருக்கிறது.

வந்ததிலிருந்து கார் அதிகம் ஓடவும் இல்லை. மனசுக்குள் கணக்குப் போட்டேன். வெள்ளி காலை செத்துவிடும்.

அப்பா வாசலிலிருந்து: "என்ன, ஒண்ணும் தெரியலியா?"

"தெரியலப்பா."

அப்படித்தான் சொன்னேன்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில், கொஞ்சம். கி.க்கு மெசேஜ் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடட்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

ஐந்தே முக்காலுக்குப் போன். கி.தான். "அக்கா, கதவே திறக்க மாட்டுது."

போனேன். பனி. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் பை, வெறும் வயிறு. இந்தத் தேதிக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்.

ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பானெட், கிளிப், இரண்டு நிமிடம். கார் எழுந்தது.

"ஸ்டெல்லா இருந்தா போதும்" என்றார் அப்பா.

மூன்று நாளாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். கேட்டதும் வாயெல்லாம் கசப்பு.

கேமரா ஒயரைப் பிடுங்கப் போனேன். கி. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அத மட்டும் கழட்டாதக்கா." அப்பா பின்சீட்டில் இருந்தார். அதனால் ஏன் என்று நான் கேட்கவில்லை. நானும் கூடவே ஏறிக்கொண்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தா பெஞ்சில் சொன்னாள். ஜூனிலிருந்து தனியாக இருக்கிறாளாம். புருஷன் கார் நிறுத்துகிற இடத்தில் வந்து நிற்பானாம். இரண்டு தடவை டயரைக் கிழித்துவிட்டான். யாரென்று காட்ட ஆதாரம் வேண்டும் என்று போலீஸ் சொன்னதால் கேமரா.

"அப்பாவுக்குத் தெரியாது. சொல்லாத."

இந்தக் காரைப் பார்த்துத்தான் நான் ஒரு வாரம் வயிறு எரிந்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். "கேமராதான்னு புதன்கிழமையே எனக்குத் தெரியும் கிரேஸ். வேணும்னுதான் சொல்லல."

கி.: "நீ மீட்டரப் பார்த்துட்டு மூஞ்சிய திருப்பின. ஜன்னல்ல நின்னு பார்த்தேன். கண்டுபிடிச்சிட்டன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா, கேமரா எதுக்குன்னு நீ கேப்பியே."

அப்பாவைப் பட்டினி வயிற்றோடு படியில் உட்கார வைத்தது இரண்டு பேரும்தான்.

ஆபரேஷன் நல்லபடி.

டிசம்பர் 13, சனி

கேமராவுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி, சீட்டுக்கு அடியில். கார் ஓடும்போது மட்டும் நிரம்பும். பூட்டி அரை மணி கழித்துப் பார்த்தேன். மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கார் தூங்கிவிட்டது.

அப்பா, கண்ணில் கட்டோடு: "பாப்பா கார் சரியாயிருச்சா? யாரு பார்த்தா?"

"அக்காதான் ப்பா."

"ம்." பிறகு, பாப்பா போட்ட டீ நல்லா இருக்கு என்றார். என் டீயைப் பற்றி இதுவரை எதுவும் சொன்னதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

கி. கேட்டாள், கடைக்கு மேல் இருக்கும் அறையில் கொஞ்ச நாள் தங்கலாமா என்று. ஈப்போவுக்கு இப்போது போக மாட்டாளாம். இனி அப்பா முழுக்க அவளுக்குத்தான் என்று முதலில் தோன்றியது. அதுதான் முதலில் தோன்றியது, எழுதி வைக்கிறேன். பிறகுதான் டயர் ஞாபகம் வந்தது.

"வா" என்றேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மழை விடவில்லை. லோரி இரண்டு. பதினொரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் காரிலிருந்து அப்பா இறங்கினார். கடை திறந்த நாளுக்குப் பிறகு இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

"பாப்பா எங்க?"

மேலே என்று கை காட்டினேன். படி ஏறப் போனவரை நிறுத்தினேன்.

"கண்ணுக்கு மருந்து விட்டாச்சா?"

விடவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தேன். லோரிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மெதுவாக ஒரு சொட்டு விட்டேன். ஐந்து நிமிடம் அசையக் கூடாது என்றேன்.

அசையாமல் இருந்தார்.