கண்ணாடித் தொட்டிக் களவாய்

உப்புவெளி,
12.06.1974

அன்புள்ள பரிமளத்துக்கு,

நான் சுகம். நீரும் மகளும் சுகமாயிருக்க வேண்டும்.

எழுத்துக் கோணலாக இருக்கிறதென்று பயப்பட வேண்டாம். விடுதி முதலாளி விருந்தினர் பார்ப்பதற்குப் பெரிய கண்ணாடித் தொட்டி கட்டி, கடல்நீர் நிரப்பி, கை நீளக் களவாய் மீன் ஒன்றை விட்டார். முதல் நாளே அது வெளியே பாய்ந்துவிட்டது. தூக்கித் திரும்பத் தொட்டிக்குள் போட்டபோது என் விரலை அதன் முள் கிழித்தது, அவ்வளவுதான்.

“சமையல்காரனைத் தேடி அதுவாகவே வருகுது!” என்று முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது தொட்டிக்கு மேல் வலை கட்டியிருக்கிறேன். காலையில் வாளியால் நீர் மாற்றுவதும் இறால் போடுவதும் நான்தான். மத்தியானம் அதன் முன்னால் இருந்து சாப்பிடுவேன். நான் வாய் திறந்தால் அதுவும் திறக்கும்.

தபாலுக்கு நேரமாகிறது. உமது கையால் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். நான் லீவில் வரும்போது களவாய் மட்டும் சமைக்க வேண்டாம். இங்கே என்னோடு சேர்ந்து சாப்பிடுவது அது ஒன்றுதான்.

உமது,
இராசநாயகம்