ஒரு கட்டில் போட இடம்

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கஷ்டம் உன் பன்னிரண்டாவது மாடிக்கு வர நினைத்தாலும், உங்கள் கேட் காவலாளி அதை நிறுத்தி, "யாரைப் பாக்கணும்? உள்ள சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டு வெயிலில் நிற்க வைத்துவிடுவான். என்னை வைத்தது போல.

போனில் பேசியிருக்கலாம். பாதியில் "ஒரு நிமிஷம்ணே, இன்னொரு கால் வருது" என்பாய். கடிதத்தை அப்படிக் காத்திருக்க வைக்க முடியாது.

நான் மாற்றலாகி இந்த நகரத்துக்கு வந்த அன்று நானும் உன் அண்ணியும் மகளும் உன் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒன்றுமே கேட்கவில்லை. நீயாகவே, "இந்த ஏரியா வாடகை உனக்குக் கட்டுப்படியாகாதுண்ணே" என்றாய். உண்மைதான். உண்மை என்பதற்காக அதை மறந்துவிடுவேன் என்று நினைக்காதே.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை வீடு தேடினேன். நான் பிடித்த தரகருக்கு உன் அண்ணி 'பாத்துக்கலாம்' என்று பெயர் வைத்தாள். தண்ணீர் வருமா என்றால் பாத்துக்கலாம். தாழ்ப்பாள் உடைந்திருக்கிறதே என்றால் பாத்துக்கலாம். ஓரிடத்தில் குளியலறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது, குனிந்துதான் குளிக்க வேண்டும். இன்னோரிடத்தில் வீட்டுக்காரர் என் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, பாவம் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நல்ல தெருவெல்லாம் உன்னைப் போன்றவர்களுக்கு. எங்களுக்குக் கிடைக்கிற தெருவில் தரைத்தள ஜன்னலுக்கெல்லாம் இரட்டைக் கம்பி.

நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வரைபடம் வரைந்தவன் நான். தரகரை நம்பாமல் அலுவலகப் படத்தை விரித்து ஒரு தெருவைப் பிடித்தேன். பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, அடுத்த தெருவிலேயே காவல் நிலையம். எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து அளந்தேன். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட வேன் நின்றது, மாடியில் துணி காய்ந்தது. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அந்தப் படம் ஒன்பது வருடம் பழையது. காவல் நிலையம் இடம் மாறி இரண்டு வருடமாகிறதாம். பெயர்ப்பலகையை மட்டும் கழற்றவில்லை. உள்ளே, பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், படத்தைப் பார்த்து வீடு எடுத்தவனைத் தவிர.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து ஏழரைக்குப் பேருந்தை விட்டு இறங்கியிருக்கிறாள். ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், அவள் நடக்கிற வேகத்திலேயே கூட வந்திருக்கிறார்கள். அவள் மருந்துக்கடைக்குள் ஏறிவிட்டாள். கடைக்காரர் ஒன்றும் விசாரிக்கவில்லை. தன் ஸ்டூலைக் கொடுத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, "உக்காரும்மா. அப்பா நம்பரச் சொல்லு" என்றாராம். இந்த வேலை அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

நான் போய் அவளைக் கூட்டி வரும்போதும் அவர்கள் அந்தக் காவல் நிலையப் பலகைக்கு அடியிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன், "டேய், மாமனார் வந்துட்டாருடா, எந்திரிச்சு நில்லு" என்றான். மற்றவன் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தான். ஐம்பத்திரண்டு வயதில் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கே அலுவலகத்தை விட்டு ஓடிவந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். மேலதிகாரி, "பொண்ணு என்ன ஒண்ணாங்கிளாஸா சார்?" என்கிறார். வருகிற திங்கட்கிழமை முதல் ஒரு மாதம் என்னை வெளியூர் நில அளவைப் பணிக்குப் போட்டிருக்கிறார். மறுத்தால் வேலை போகும். உன் அண்ணியின் முழங்கால் அந்த நிறுத்தம் வரை வராது.

இந்தத் தெருவைப் பற்றி உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் போனில், "சாயங்காலமும் ஒரு தடவ போய்ப் பாத்துடுண்ணே" என்றாய். எட்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா? ஆனால் நீ சொன்னாய். நீ சொன்னாய் என்பதற்காகவே நான் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று சோபாவில் உன் மனைவி, "பொண்ணு மட்டுமாவது இங்க இருக்கட்டுமே மாமா" என்றதும், "என் பொண்ணு யார் வீட்டுலயும் ஒண்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல" என்று நான் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மறக்கிற ஆள் இல்லை. அந்தக் குணத்தில் மட்டும் நாம் அண்ணன் தம்பி.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் மனைவி வீட்டைச் சுற்றிக் காட்டியபோது, நீங்கள் துணி காயப்போடும் அந்த நடைப்பயிற்சி இயந்திரம் இருக்கிற அறையைக் கண்ணாலேயே அளந்து வைத்தேன். தொழில் புத்தி. இயந்திரத்தை ஜன்னலோரம் தள்ளினால் ஒரு கட்டில் போடலாம். கதவும் இடிக்காமல் திறக்கும். வரைந்திருக்கிறேன், பார். இந்தப் படம் பழையதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பெட்டியோடு வருவாள். நான் கேட் வரைகூட வரமாட்டேன்.

நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருங்கள். காவலாளியிடம் முதல் நாளே சொல்லி வை. என்னை நிற்க வைத்தது போகட்டும். அவளை நிற்க வைக்காதே.

உன் அண்ணன்